நான்காவது பூட்டு

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அவள் மூன்றாவது முறையாகக் கணவரின் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை வெளுத்துவிட்டது. ரேகைகளில் படிந்திருந்ததும் ஏறக்குறையப் போய்விட்டது. நகக்கண்ணில் இருந்த கிரீஸ் மட்டும் அசையமாட்டேன் என்றது.

"போதும், விடும்மா" என்றாள் மகள்.

"மூணு தலைவருங்களும் வராங்களாம். கையப் பாத்துட்டு அழுக்குன்னு சொல்லுவாங்க."

"நகத்தையா பாக்கப்போறாங்க?"

"கை குலுக்கியே பதவிக்கு வந்தவங்க. அவங்க கையத்தான் பாப்பாங்க."

விடியற்காலையில் அவரைக் கண்டெடுத்தவள் அவள்தான். வீட்டின் பின்வாசலில் இருந்து மதகு இருநூறு அடி. சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் இருந்தார். திருகுத் தண்டுக்கு கிரீஸ் போட்டு முடித்திருந்தார். திறக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை. வலது கையை விரித்து அதிலிருந்த சின்னச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் மகளைக் கூப்பிட்டாள். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, இதயம் நின்றுவிட்டது என்றார்.

இருபத்திரண்டு வருடங்களாக அவர் மூன்று ஊராட்சிகளுக்கும் பொதுவான ஒரே ஊழியர், மதகுக்காரர். மேல் ஊராட்சிக்கு நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். கீழ் ஊராட்சிக்கு நிற்கக் கூடாது. நடு ஊராட்சி, இந்த இருவரில் யார் சொன்னாலும் அதற்கு மாறாக நினைத்தது. ஆகவே ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மதகுச் சக்கரத்துக்கு ஒரு சங்கிலி, சங்கிலிக்கு மூன்று பூட்டு, ஊராட்சிக்கு ஒரு சாவி. மூவரும் ஒன்றாக வந்தால்தான் மதகு திறக்கும். இதற்கு ஒத்துழைப்பு என்று பெயர் வைத்து, மதகருகே ஒரு கல்வெட்டும் வைத்தார்கள்.

முதல் வருட மழையில் அவர் கடுதாசியைத் தூக்கிக்கொண்டு மூன்று அலுவலகத்துக்கும் ஓடினார். மேல் ஊராட்சி சாவியைக் கொடுத்தது. நடு ஊராட்சி, தீர்மானம் போட்ட பிறகு கொடுப்பதாகச் சொன்னது. கீழ் ஊராட்சியில் சாவி வைத்திருந்தவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மூன்றாம் நாள் தண்ணீர் கரைமேல் ஏறிப் போய், கீழ்த்தெருவில் இரண்டு வீடுகளைச் சாய்த்தது. ஒரு வீட்டுக்குள் ஆள் இருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் அவர் இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்துப் போய்ச் சங்கிலியின் ஒரு கண்ணியை அறுத்தார். அறுத்த இடத்தில் தன்னுடைய சின்னப் பூட்டு ஒன்றை மாட்டி, அதன்மேல் கிரீஸைப் பூசிச் சாக்குத் துணியைச் சுற்றினார். மூன்று பெரிய பூட்டுகளும் அப்படியே தொங்கின, கழுத்தில் பதக்கம் மாதிரி. அவற்றை அதன்பிறகு யாரும் திறக்கவில்லை. மழை ராத்திரிகளில் அவரே திறந்து விடிவதற்குள் மூடிவிடுவார்; கால்வாயில் வருவது மழைத் தண்ணீர்தான் என்று மூன்று ஊரும் நினைத்துக்கொண்டது. வருடத்துக்கு ஒரு முறை மூன்று தலைவர்களும் வந்து பூட்டுக்குள் சாவியை நுழைத்தபடி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். திருப்ப வேண்டியதில்லை, போட்டோவில் தெரியாது.

"யாருகிட்டயும் மூச்சு விடாத" என்று அவளிடம் அன்றே சொல்லியிருந்தார். "வேலை போனா போகுது. தெரிஞ்ச மறுநாளே சங்கிலிய மாத்திடுவாங்க. அப்புறம் மழை வந்தா மறுபடியும் கடுதாசிதான்."

மகள் பின்வாசலில் இருந்து வந்தாள். கையில் கண்ணாடி டம்ளர். அவளுடைய வீடு கீழ்த்தெருவில்தான். எட்டு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அளவுக்கம்பத்துல சிவப்புக் கோட்டுக்கு ரெண்டு விரல்தான் பாக்கிம்மா. மேற்கால கரையில கசியுதே, அத புடிச்சிட்டு வந்தேன்."

அவள் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பகல் பதினொரு மணிக்கு அந்த வெளிச்சமும் கொஞ்சம்தான் இருந்தது. தண்ணீர் பழுப்பாக இருந்தது. தெளிவாகக் கசிந்தால் கரை மூச்சு விடுகிறது என்பார் அவர். கலங்கிக் கசிந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது, மூட்டையைக் கட்டு என்பார்.

"வீட்டுக்குப் போன் போட்டு, கொழந்தையத் தூக்கிட்டு மேட்டுக்குப் போகச் சொல்லு."

"சொல்லிட்டேன். அத்தை கேக்க மாட்டேங்கறாங்க. மூணு தலைவருங்களும் அங்கதான போறாங்க, பாத்துக்குவாங்கன்னு சொல்றாங்க."

வாசலில் கார்கள் வந்து நின்றன. மூன்று கார்கள், ஒன்றையொன்று முந்தப் பார்த்து, மூன்றும் குறுக்கே நின்றுவிட்டன.

மேல் தலைவர் இரும்புக்கடைக்காரர். நடுத் தலைவர் ஓய்வு பெற்ற வாத்தியார். ஊரில் அவருக்கு 'மைக்' என்று பெயர், இன்று சொந்த மைக்கையும் ஒலிபெருக்கியையும் கொண்டுவந்திருந்தார். கீழ்த் தலைவி பால்பண்ணைக்காரி. மூவருக்கும் பின்னால் கூட்டுக் குழுவின் எழுத்தர், கோப்போடு. ஆளுக்கொரு மலர்வளையம் இருந்தது. தலைமாடு ஒன்றுதான் இருந்தது.

"எங்க ஊராட்சிதான் மேல இருக்கு. தலைமாட்டுல எங்களுதுதான வரணும்?" என்றார் இரும்புக்கடைக்காரர்.

"அப்ப எங்களுது கால்மாட்டுலயா?" என்றாள் பால்பண்ணைக்காரி. "மழை பேஞ்சா உங்க தண்ணி எங்க தலையில. மாலை போட்டா நாங்க காலடியில. நல்லா இருக்குய்யா நியாயம்!"

வாத்தியார் சமரசம் செய்தார். மூன்றையும் வயிற்றின்மேல் வைத்தார்கள். உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பாரத்துக்கே மூச்சு முட்டியிருக்கும்.

அவள் எழுந்து கும்பிட்டாள். "ஐயா, அம்மா, இவருக்குச் செய்யறதெல்லாம் அப்புறம் செய்யலாம். மொதல்ல மதகத் திறந்துவிடுங்க. தண்ணி கோட்டத் தொடப்போகுது. கரையில கலங்கிக் கசியுது."

"திறந்துடலாம்மா, திறந்துடலாம்" என்றார் வாத்தியார். "அதுக்குத்தான மூணு பேரும் வந்திருக்கோம்? இரங்கல் கூட்டத்த முடிச்ச கையோட அவசரக் கூட்டம். தீர்மானம் போட்டு உடனே திறந்துடுவோம். சாவிங்கள எடுத்துட்டு வரச் சொல்லியாச்சா?"

"ஆள் போயிருக்குங்க" என்றார் எழுத்தர். "மேல் ஊராட்சி சாவி கார்லயே இருக்கு. உங்களுது பீரோவுல. கீழ் ஊராட்சி சாவிய கண்ணாடிச் சட்டம் போட்டுச் செவுத்துல மாட்டியிருக்காங்க, அத ஆசாரி வந்துதான் பிரிக்கணும்."

"இவ்வளவு அக்கறையா யாரு வச்சிருக்கா?" என்றாள் பால்பண்ணைக்காரி.

"எப்ப வரும் ஆசாரி?" என்று மகள் கேட்டாள்.

வாத்தியார் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பன்னிரண்டுக்குப் பத்தடி அறையில் பதினைந்து பேர்; மைக் இல்லாமலே கேட்டிருக்கும்.

"ஒத்துழைப்பு என்றால் என்ன?" என்று ஆரம்பித்தார்.

அவளுக்கு இது எவ்வளவு நேரம் போகும் என்று தெரியும். இருபத்திரண்டு வருடப் போட்டோ நாட்களில் டீ போட்டுக் கொடுத்தவள். வாத்தியார் ஒத்துழைப்பின் தோற்றுவாயில் நின்றுகொண்டிருந்தார். இன்னும் எறும்புகள் வரவில்லை, தேனீக்கள் வரவில்லை.

மகளைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். மகளுக்குச் சாவியைப் பற்றி யாரும் சொன்னதில்லை. ஆனால் அம்மாவின் கை இடுப்புக்குப் போவதைக் கவனித்தாள்.

அவள் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு, அடுப்படிக்குப் போகிறவள் மாதிரி பின்வாசல் வழியாக வெளியே வந்தாள்.

"பொணத்தப் போட்டுட்டு எங்க போற?" என்று யாரோ ஒரு அத்தை கேட்டது காதில் விழுந்தது.

கரைமேல் ஒரு குருவிகூட இல்லை. தண்ணீர் சத்தம் போடாமல் நின்றது. அலையும் இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. சிவப்புக் கோட்டின் கீழ் விளிம்பு நனைந்திருந்தது. சாக்குத் துணியை விலக்கிச் சாவியைப் போட்டாள். பூட்டு, எதிர்பார்த்துக்கொண்டிருந்தது போலத் திறந்தது. சங்கிலி, மூன்று பெரிய பூட்டுகளையும் சுமந்துகொண்டு, பாம்பு சட்டையை உரித்தது மாதிரி கீழே சரிந்தது.

சக்கரத்தை இதுவரை அவள் தொட்டதில்லை. ஆனால் கணக்கு தெரியும். ஒரு சுற்றுக்கு ஒரு கிரீச். அடுப்படியில் நின்று எத்தனை மழைக்கு எண்ணியிருக்கிறாள்! முப்பது கிரீச்சுக்குக் கதவு அசையும், அறுபதுக்குக் கால்வாய் நிறையும், அதற்குமேல் போனால் கால்வாயே தாங்காது. முதல் சுற்றுக்கு உடம்பை முழுக்கச் சாய்க்க வேண்டியிருந்தது. அவர் சாய்ந்திருந்த அதே ஆரக்கால்.

கிரீச்.

இவ்வளவு கிரீஸ் போட்டும் இந்தச் சத்தம் போகவில்லையே என்று நினைத்தாள். உள்ளே எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வாத்தியார் மூச்சு வாங்க நிறுத்தினால் கேட்டுவிடும்.

மூன்றாவது கிரீச்சில், காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மகள், வீடே அதிர அழ ஆரம்பித்தாள்.

"அப்பா! என்ன விட்டுட்டுப் போயிட்டியேப்பா!"

மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வாத்தியார் ஒலிபெருக்கியின் குமிழைத் திருகினார். அழுகைக்கும் உரைக்கும் போட்டி வந்துவிட்டது. இந்தப் பக்கம் அவள் பதினேழு, பதினெட்டு என்று எண்ணினாள். நாற்பதில் கை தோலுரிந்தது. அறுபதில் நிறுத்தினாள். சங்கிலியைத் தூக்கிச் சக்கரத்தில் சுற்றி, சின்னப் பூட்டைப் போட்டு, சாக்கைச் சுற்றினாள். கீழே கால்வாயில் தண்ணீர் இறங்கும் இரைச்சல் எழுந்தது.

அவள் வந்து கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தபோது உரை நின்றிருந்தது. அழுகையும் நின்றிருந்தது. எல்லோரும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மதகு திறந்திருக்கு" என்றார் எழுத்தர், கோப்பில் அப்படி ஒரு பக்கம் இல்லையே என்பது போல.

மூன்று தலைவர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாத்தியார் பேசிக்கொண்டிருந்தபோது மற்ற இருவரும் போன் பேச வெளியே போய் வந்திருந்தார்கள். வாத்தியாரின் பீரோவுக்குப் போன ஆள் எப்போது திரும்பினான் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. ஆக ஒவ்வொருவருக்கும், மற்ற இருவரும் தன் பூட்டுக்குக் கள்ளச்சாவி போட்டு, தன்னை ஏமாற்றிவிட்டுத் திறந்துவிட்டார்கள் என்பது நிச்சயமாயிற்று.

அந்த நேரம் பார்த்து மேலிடத்து அதிகாரியிடமிருந்து எழுத்தருக்குப் போன் வந்தது. எழுத்தர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பிடித்தார்.

"கால்வாய்ல தண்ணி வந்துடுச்சுன்னு தகவல் வந்தது. சரியான நேரத்துல திறந்திருக்கீங்க. சாவு வீட்டுல இருந்துகிட்டே வேலையப் பாத்திருக்கீங்க பாருங்க. யாரு எடுத்த முடிவு?"

தான் இல்லை என்று சொன்னால், தன்னை விட்டுவிட்டுத் திறந்தார்கள் என்று ஆகிவிடும்.

"மூணு பேரும் சேர்ந்துதாங்க" என்றார் இரும்புக்கடைக்காரர்.

"சேர்ந்துதான் திருப்பினோம்" என்றார் வாத்தியார்.

"என் சாவிதான் கடைசி" என்றாள் பால்பண்ணைக்காரி.

ஒப்பந்தம் போட்ட இருபத்திரண்டு வருடங்களில் மூன்று ஊராட்சிகளும் ஒரு மனதாக ஒரே விஷயத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. வாத்தியாருக்குத் தொண்டை வறண்டிருந்தது. ஜன்னலில் இருந்த டம்ளரை எடுத்து, "டீ ஆறிப்போச்சா?" என்றபடி வாயருகே கொண்டுபோனார். மகள் எட்டி வாங்கிக்கொண்டாள்.

அவசரக் கூட்டம் அங்கேயே, சடலத்தின் கால்மாட்டில் நடந்தது. முதல் தீர்மானம், மறைந்த ஊழியருக்கு நன்றி. இரண்டாவது, தலைவர்களே நேரில் மதகை இயக்க முடியும் என்று இன்று நிரூபணமாகிவிட்டதால், மதகுக்காரர் என்ற பணியிடம் இனித் தேவையில்லை. மூன்றாவதை இரும்புக்கடைக்காரர் கொண்டுவந்தார்.

"அந்தச் சங்கிலி பழசாயிடுச்சு. நம்ம கடையில புதுசு இருக்கு, மணிக்கட்டு மொத்தம். பூட்டும் மூணு புதுசு. நாளைக்கே மாத்திடலாம். யாரும் யாரையும் விட்டுட்டுத் திறக்க முடியாது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மற்ற இருவரையும் பார்த்தார். அந்த இருவரும் அதே காரணத்துக்காகத் தலையாட்டினார்கள். நிறைவேறியது.

"ஐயா" என்றாள் அவள். "மழை இன்னும் முடியல. நாளைக்கு ராவோட மறுபடியும் ஏறுச்சுன்னா?"

"சொல்லி அனுப்பும்மா" என்றார் வாத்தியார் கனிவாக. "ஒரு கடுதாசி போதும். வந்துடுவோம்."

எழுத்தர் நன்றித் தீர்மானத்தின் நகலை நீட்டினார். "வாங்கிக்கிட்டேன்னு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

அவள் வாங்கினாள். கையெழுத்துப் போட இடது கையால் தாளை அழுத்திப் பிடித்தாள். எடுத்தபோது, 'ஒத்துழைப்பின் சின்னமாகத் திகழ்ந்தவர்' என்ற வரியின் மேல் ஐந்து விரல்களும் கறுப்பாகப் பதிந்திருந்தன. புதுக் கிரீஸ், பளபளவென்று. நடுவில் ஒரு துளி ரத்தமும் இருந்தது.

எழுத்தர் தாளைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். பிறகு பின்வாசலைப் பார்த்தார். அவள் கையை மறைக்கவில்லை.

"கறையாயிடுச்சு" என்றார் கடைசியில், மெதுவாக. "வேற நல்ல காப்பி எடுத்துத் தரேன்." தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும் முன், குழுவின் பொருள்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பட்டியல் வாசித்தார். டார்ச் லைட் ஒன்று. விசில் ஒன்று. மழைக்கோட்டு ஒன்று. எண்ணெய்க் குப்பி ஒன்று. மகள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். சுவரில் ஆணியில் ரம்பம் தொங்கியது. எழுத்தரின் கை அங்கே போய் நின்றது.

"இது?"

"அது எங்க வீட்டுது" என்றாள் அவள்.

எழுத்தர் கையை இழுத்துக்கொண்டார்.

கார்கள் ஒன்றுக்கொன்று வழி விடாமல் கொஞ்ச நேரம் உறுமிவிட்டுப் போயின. தகரக் கூரைமேல் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. மகள் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை. எழுந்து போய் ரம்பத்தை ஆணியிலிருந்து எடுத்தாள். அதன் பல்லைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"பிளேடு மழுங்கியிருக்கு" என்றாள். "டவுனுக்குப் போறப்ப புதுசு ரெண்டு வாங்கிட்டு வா. மேல் தலைவர் கடையில வேணாம்."