அழித்து எழுதிய பதில்கள்

படிப்பைப் பாதியில் விட்டுவிடக்கூடிய பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுபிடித்துக் கைகொடுக்க ஏதோ ஆய்வாம். தம்பி மகள் அதற்கான படிவத்தைப் பென்சிலால் நிரப்பி, கையெழுத்துக்காகப் பெரியப்பாவின் மேஜையில் வைத்திருந்தாள்.

முப்பது வருஷம் நீதிமன்ற எழுத்தராக இருந்தவர். படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

'பள்ளிக்கு வரப் பிடிக்கிறதா?' இல்லை. 'எங்காவது போய்விடத் தோன்றுகிறதா?' அடிக்கடி. 'வீட்டில் மனம்விட்டுப் பேச ஆள் உண்டா?' இல்லை.

காது மடல் சுட்டது. இந்தத் தாள் வெளியே போனால் நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது? ரப்பரை எடுத்தார். கடைசிக் கேள்வி, 'போவதென்றால் யாரிடம் போவாய்?' அதற்கு அவள் ஒரு வரி எழுதியிருந்தாள். அதைப் படிக்கவே கூசி, கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு அழித்தார். அவள் எழுத்தைப் போலவே நல்ல பதில்களாக எழுதி முடித்தார்.

இரண்டு வாரத்தில், கவனிக்க வேண்டிய பிள்ளைகளின் பட்டியல் வந்தது. எதிர்வீட்டுத் தையற்காரர் மகள் பெயர் இருந்தது.

"லிஸ்ட்ல இருக்கிற பிள்ளை வரலேன்னா பத்தே நிமிஷத்துல வீட்டுக்குப் போன் வருமாம். உங்க வீட்டுப் பொண்ணு இல்லையா அய்யா?" என்று கேட்டார் தையற்காரர்.

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு எதுக்கு லிஸ்ட்டு?"

"அதுவும் சரிதான். என் மகளுக்கு மார்க்குதான் வரல, போனாவது வரட்டும்."

அன்று மாலை தம்பி மகள் கேட்டாள். "நான் எழுதினதை யாருமே படிக்கலையா பெரியப்பா?"

"படிச்சாங்க. உன்கிட்ட ஒரு குறையும் இல்லையாம்."

"சரி" என்றாள்.

செவ்வாய் காலை எதிர்வீட்டுப் போன் அடித்தது. மகளுக்குக் காய்ச்சல் என்று தையற்காரர் பதில் சொல்வது தெருவரை கேட்டது. தன் வீட்டுப் போன் அடிக்காததில் பெரியப்பாவுக்குப் பெருமைதான்.

நாலரை மணிக்குத் தம்பி மனைவி வந்து நின்றாள். "மாமா, இவ பை கட்டிலுக்கு அடியில கெடக்கு. புத்தகமெல்லாம் அப்படியே இருக்கு. அலமாரியில துணிதான் காணோம்."

கேட்டால் விஷயம் வெளியே தெரிந்துவிடுமே என்று ரிசீவரைப் பிடித்தபடி கொஞ்சம் தயங்கினார். பிறகு பள்ளி எண்ணைச் சுழற்றினார்.

"காலையிலேருந்தே வரலங்க," என்றார் அலுவலகத்துக்காரர். "லிஸ்ட்ல இல்லாததால சொல்லல. ஃபார்ம் இங்கதான் இருக்கு. எல்லாம் நல்லபடியாத்தானே எழுதியிருக்கு?"

"மாமா, யார்கிட்ட போயிருப்பா?"

அந்த ஒரு வரியின் முதல் எழுத்தாவது நினைவுக்கு வருமா என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.