இன்ஜின் சூடாகவில்லை

அந்த டிப்போவில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஓட்டுகிற தடத்தின் எண்தான் பெயர். அவள் நாற்பத்தேழு. ஒன்பது வருடமாக ஊரிலேயே நீளமான தடத்தில், முன்னால் போகிற லாரிக்காரனையும் பின்னால் ஹாரன் அடிக்கிற கார்க்காரனையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டு, ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டியவள்.

அன்று காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெண் ஓட்டுநர்களின் வண்டிகளில் இன்ஜின் அடிக்கடி சூடாகி வழியில் நின்றுவிடுவதால், அடுத்த வாரத்திலிருந்து அவர்களுக்கு நீண்ட தடங்கள் கிடையாது. டிக்கெட் கவுண்டரில்தான் வேலை. படித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் பாதி தன்மேலேயே.

ஏனென்றால் எந்த இன்ஜினும் சூடாகவில்லை. வழியில் வண்டி நின்றால் காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மறுநாள் காலை மேனேஜர் அதை எல்லார் முன்னாலும் உரக்கப் படிப்பார். எழுபது ஆண்கள் நிற்கிற முற்றத்தில் மாதவிடாய் வலி என்று படிக்க எவள் விடுவாள்? என்றைக்கோ ஒரு புண்ணியவதி ‘இன்ஜின் சூடு’ என்று எழுதிவைத்தாள். அதுவே வழக்கமாகிவிட்டது. மெக்கானிக் பாவம், மாதாமாதம் நல்ல இன்ஜினைப் பிரித்துப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல், பெண்களுக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று ரிப்போர்ட் எழுதிவிட்டார்.

நாற்பத்தேழும் அப்படி எழுதியவள்தான். வலி வந்தால் இடுப்பில் தொடங்கித் தொடை வழியாக இறங்கி, கிளட்ச் மிதிக்கிற கால் மரத்துப்போகும். வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, மாத்திரை வேலை செய்கிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். கல்யாணமானால் சரியாகிவிடும் என்றாள் அம்மா. பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார் ஒரு டாக்டர். இரண்டும் ஆயிற்று; வலி மட்டும் வீட்டு ஆளாகவே தங்கிவிட்டது. வலி தொடங்கிப் பதினோரு வருடம் கழித்து, போன மாதம்தான் ஒரு டாக்டரம்மா வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்து அதற்குப் பெயர் சொன்னார். எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு வெளியேயும் வளர்கிறதாம்.

“பத்துப் பொண்ணுங்கள்ல ஒருத்திக்கு இருக்கும்மா,” என்றார் அவர். “நிறைய பேர் வெளிய சொல்றதே இல்ல.”

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவள் அழுதாள். வியாதிக்காக அழவில்லை. நீ நடிக்கவில்லை என்று ஒரு மனுஷி சொல்லிவிட்டாளே, அதற்காக.

தாள் ஒட்டிய அந்தக் காலையிலும் மேனேஜர் முற்றத்தில் பதிவேட்டைத் திறந்தார். “நாப்பத்தேழு. நேத்து மேம்பாலத்துக்குக் கீழ பன்னிரண்டு நிமிஷம். இன்ஜின் சூடு. மறுபடியுமா?”

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்.

“பொய்யா எழுதிட்டேன் சார். இன்ஜினுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் வலி. மாசாமாசம் வர்ற வலி.”

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “அதெல்லாம் இங்க எதுக்கும்மா? உள்ள வந்து சொல்லு.”

“நீங்க இங்கதானே படிச்சீங்க? நானும் இங்கயே சொல்றேன்.” நோயின் பெயரைச் சொன்னாள். டாக்டரம்மா சொன்னதையும் சொன்னாள். “இங்க முப்பது பொம்பளைங்க இருக்கோம். அந்தக் கணக்குப்படி இன்னும் ரெண்டு பேருக்காவது இது இருக்கும். யாருக்குன்னு தெரியாது. உங்க பதிவேட்டுல நாங்க எல்லாரும் இன்ஜினாயிட்டோம்.”

“வலியோட வண்டி ஓட்டறது ஆபத்தில்லையா?”

“ஆபத்துன்னுதானே நிறுத்தினேன்? தூக்கக் கலக்கத்துல நிறுத்தாம ஓட்டுன ஆளுங்கள காட்டட்டுமா?” பின்வரிசையில் சிரித்தவன் முன்னால் நின்றவனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். “கடைசி ஸ்டாப்புல தாழ்ப்பாள் போடுற மாதிரி ஒரு கழிப்பறை குடுங்க. முடியாத நாள்ல மாத்து டிரைவர் குடுங்க. கவுண்டர்ல உக்கார வெச்சா வலி போகாது சார். எங்க தடம்தான் போகும்.”

கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக் முன்னால் வந்தார். திட்டப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

“அப்போ நான் பதினாலு தடவை பிரிச்சது?”

“எல்லாம் நல்ல இன்ஜின்தான்ணே. மன்னிச்சிருங்க.”

“அதானே பாத்தேன்!” மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. “என் இன்ஜினா சூடாகும்? சார், என் ரிப்போர்ட்ட நான் வாபஸ் வாங்கறேன்.”

அவளோடு முகம் கொடுத்துப் பேசாத பதினெட்டாம் நம்பர்க்காரி கையைத் தூக்கினாள். “என் பேர்ல மூணு இருக்கும் சார். அதையும் திருத்துங்க.” அவளுக்குப் பின்னால் இன்னொரு கை எழுந்தது. அப்புறம் இன்னொன்று.

“மேலிடத்தைக் கேக்கணும்,” என்று முணுமுணுத்தார் மேனேஜர்.

“கேளுங்க.” நாற்பத்தேழு அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, ‘இன்ஜின் சூடு’ என்பதை அடித்துவிட்டு, நோயின் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள். காரணம் எழுதுகிற கட்டம் சிறியது. பெயர் அதைத் தாண்டி, மேனேஜர் கையெழுத்துப் போடும் கட்டத்துக்குள்ளும் போய்விட்டது.

“எனக்கு இடமே இல்லையேம்மா?”

“கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க சார்.”

அவர் போட்டு முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் பலகையிலிருந்த தாளை உரித்துச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பினாள்.