ஏழாம் வரிசையின் தண்ணீர்

அந்த விடியலில் ஆலைக்குப் போகும் லாரியில் சேர்ந்து நின்றவர்கள் ஐந்து பேர்: மூத்தவள் சொப்பால், அவள் அண்ணன் மகள் ராவி, குந்தியா, தீதா, மாலிஸ். கம்போடியாவில், புனோம்பென் நகர எல்லையிலிருக்கும் ஆடை ஆலையின் ஏழாம் வரிசை இவர்கள்தான். ஆறரைக்கு மேற்பார்வையாளன் ரித்தி மணியடித்தான், ஊசிகள் ஓடின. காற்சட்டைப் பைகளைத் தைத்துத் தைத்துச் சொப்பாலின் விரல் நுனிகள் மரத்து வெகுகாலமாயிற்று. பஞ்சுத் தூசி தொண்டையில் அப்பியது. யாரும் தண்ணீர் குடிக்கவில்லை.

குடித்தால் எழ வேண்டும். எழுந்தால் ரித்தியின் மேசையருகே ஆணியில் தொங்கும் மரச்சீட்டைக் கேட்டு வாங்கி, கழுத்தில் மாட்டி, நூறு பேர் பார்க்கக் கழிவறைக்கு நடக்க வேண்டும். வரிசைக்கு ஒரே சீட்டு. பதினோரு ஆண்டுகளில் சொப்பால் அதைத் தொட்டதில்லை. நம் வீட்டுப் பெண்கள் இதற்கெல்லாம் ஓர் ஆண்பிள்ளையிடம் அனுமதி கேட்கமாட்டார்கள் என்று ராவியைச் சேர்த்த அன்றே சொல்லியிருந்தாள்.

ஒன்பது மணிக்கு ராவி எந்திரத்தின் மேலேயே சரிந்தாள். சிறுநீரில் ரத்தம் போகிறது, இனியும் அடக்கினால் சிறுநீரகம் போய்விடும் என்றாள் ஆலை நர்ஸ்.

"ரெண்டு மாசமா வலிக்குது அத்தை. நீங்க போனதே இல்லையே, நான் எப்படிப் போவேன்?"

ராவியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். சொப்பாலுக்கு அழுகை வரவில்லை. உள்ளேயும் விரல்களைப் போலவே மரத்திருந்தது. ஆறு ஆண்டாகத் தனக்கும் எரிச்சல் உண்டு என்பதைச் சோற்று வேளையில் மற்ற மூவரிடமும் சொன்னாள், வேறு யாருடைய நோயையோ சொல்வதுபோல. மூவருக்கும் இருந்தது.

"அப்போ நாலு கருவாடுதான் வரிசையா உட்கார்ந்திருக்கோம்," என்றாள் மாலிஸ்.

ஒருத்தி எழுந்தால் அவள் பங்குத் துணிக்கட்டை மற்றவர்கள் தைப்பது, ஒருத்தி தண்ணீர் குடிக்கிறாளா என்று இன்னொருத்தி பார்த்துக்கொள்வது என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் வாசல் மரத்தடியில் ரித்தி அவித்த கோழி படைத்திருந்தான். காவல் தெய்வத்துக்குக் கோபமாம், அதனால்தான் ராவி விழுந்தாளாம். ஒன்பது மணிக்குச் சொப்பால் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து பாதி குடித்தாள். புட்டி கைமாறியது. நால்வரும் எழுந்தார்கள்.

"சீட்டு ஒண்ணுதான் இருக்கு. ஒருத்தி மட்டும் போங்க," என்றான் ரித்தி.

"அது ஆணியிலேயே இருக்கட்டும் தம்பி. நாங்க போறோம்."

"இந்த வயசுல இது கௌரவமா பெரியம்மா?"

"இத்தனை நாள் அடக்கினேனே, அதுதான் கௌரவக் குறைச்சல்."

"வேலை போயிடும்."

"போனா நாலு பேருக்கும் சேர்ந்தே போகட்டும். ராவி வர்றவரைக்கும் அவ எந்திரத்துல எவளும் உட்கார மாட்டா."

எட்டாம் வரிசையில் ஓர் எந்திரம் நின்றது. பிறகு இன்னொன்று. யாரோ ஒரு பெண் புட்டிக்காகக் கை நீட்டினாள்.

சீட்டு இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. ராவிக்கு வேலை உண்டா என்று யாரும் சொல்லவில்லை. மாலைக்குள் ஆலை முழுக்க ஒரு பேச்சு: மரத்துத் தெய்வம் ஏழாம் வரிசைப் பெண்கள்மேல் இறங்கிவிட்டதாம்.

எதுவும் இறங்கவில்லை. தண்ணீர் குடித்தார்கள்; போய்விட்டு வந்தார்கள்.