இருபத்து நாலு கட்டத்தில் ஒரு காளை

தவிட்டுத் தூசியோடு கம்பளி பக்கத்தில் வரக்கூடாது என்பது என் மனைவி அன்னக்கிளி போட்ட சட்டம். புதுவயல் அரிசி ஆலையில் காவல் வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தால், தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேட்டி மாற்றிக்கொண்டுதான் கூடத்துக்குள் நுழைய வேண்டும். இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவனுக்குச் சட்டம் ஒன்றும் புதிதில்லை. ஆனால் காரைக்குடியே வெந்துகொண்டிருக்கும் சித்திரை மத்தியானத்தில், மடி நிறையக் கம்பளி நூலோடு ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரித்துவிட்டேன்.

“சிரிக்கிறீகளே, பிள்ளை அங்குட்டுப் போயி நடுங்குனா நீங்களா போர்வையத் தூக்கிட்டு ஓடுவீக?” என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் மகள் கீர்த்தி சென்னையில் நர்ஸ். அக்டோபரில் அயர்லாந்துக்கு வேலைக்குப் போகிறாள். அந்த ஊர்ப் பெண்கள் போடுகிற ஸ்வெட்டர் என்று போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கழுத்தைச் சுற்றி வட்டமாக, மாலை போட்டதுபோலப் பூவேலை. போனதும் இப்படி ஒன்று வாங்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான், அன்னக்கிளி டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டாள். அடியில் கிடந்த, பின்னல் மாதிரிகள் வரைந்த கட்டம்போட்ட நோட்டு வெளியே வந்தது.

அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்கு வடக்கே மலைமேல் நாங்கள் இருந்த கண்டோன்மென்ட் ஞாபகம் வந்துவிட்டது. பனி விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும் குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாரும் படியில் வரிசையாக உட்கார்ந்து பின்னத் தொடங்கிவிடுவார்கள். தீதி, அதாவது அக்கா, என்று இவள் கூப்பிட்ட பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அப்போது இந்தி தெரியாது. ஆனால் ஒரு கட்டம் என்றால் ஊசியில் ஒரு கண்ணி, கட்டத்தில் என்ன நிறமோ அந்த நூல். அதற்குப் பேச்சு எதற்கு? காலையில் உட்கார்ந்தால் மத்தியானம்வரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் இருப்பார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துதான் போகிறது.

தீதி வரைந்து கொடுத்தது மான். அன்னக்கிளி சிராவயல் பக்கத்துக்காரி. மஞ்சுவிரட்டுக்கு மாடு அவிழ்க்கிற வீட்டில் பிறந்தவளுக்கு மான் எப்படிப் பிடிக்கும்? கிளைக் கொம்பை அழித்து வளைந்த கொம்பு வைத்தாள், முதுகில் திமில் ஏற்றினாள். இருபத்து நாலு கட்டத்தில் அவள் அப்பாவுடைய காளை வந்து நின்றது. சிவப்புக் கம்பளியில், நெஞ்சுக்கு நேரே அந்தக் காளையை வைத்துப் பத்து வயதுக் கீர்த்திக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். நம் ஊரில் என்றால் தெருவே கூடி மெச்சியிருக்கும்.

அந்த மலை ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கீர்த்தியைப் பார்த்து மாடு மாதிரிக் கத்தினார்கள். வகுப்பு முழுக்கக் கத்தியதாம். மூன்றாம் நாள் சாயங்காலம் கீர்த்தி நேராக எங்கள் லாரி ஷெட்டுக்கு வந்தாள். அந்தக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, பல் கிடுகிடுக்க, “அம்மாட்டச் சொல்லிறாதீகப்பா” என்றாள். ஷெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவருக்கு இதே வயதில் மகள் இருந்தாள். அவரிடம் கொடுத்துவிட்டேன். வீட்டில், சலவைக்குப் போட்ட இடத்தில் தொலைந்துவிட்டது என்றேன். அன்னக்கிளி சலவைக்காரரிடம் சண்டைக்குப் போனாள். வந்து இரண்டு நாள் அழுதாள். செய்யாத தப்புக்கு அந்த மனிதர் வாங்கிய திட்டைவிட அவள் அழுததுதான் எனக்குப் பெரிதாக உறுத்தியது. பதினெட்டு வருஷமாக நானும் மகளும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது அன்னக்கிளி நோட்டில் பிரித்து வைத்திருந்தது அந்தக் காளைப் பக்கம். பூ போடலாமே என்றேன், சும்மா கோடு போட்டாலே அழகுதான் என்றேன். கண்ணாடி போட்டும் கட்டம் தெரியவில்லை, எண்ணிச் சொன்னால் போதும், யோசனை வேண்டாம் என்றாள். எண்ணிச் சொன்னேன். மேலே போகப்போகக் கழுத்து ஒடுங்கும், கண்ணி குறையும், இருபத்து நாலு கட்டக் காளை அந்த வளையத்தில் நிற்காது. நாலு நாள் வரைந்தாள், அழித்தாள். முதலில் கால்கள் போயின. பிறகு உடம்பு போனது. கடைசியில் திமிலையும் அழித்தாள். மிஞ்சியது வளைந்த கொம்பு ஜோடி மட்டும். கருநீலத்தில் வெள்ளையாக, கழுத்தைச் சுற்றி ஒன்றை ஒன்று தொட்டபடி. தெரியாதவர்கள் பிறை என்பார்கள், அலை என்பார்கள். படத்தில் இருந்ததைவிட ஒரு படி அழகாகவே இருந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்தக் காளை போனதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

ஆனால் இந்த ஊர் கம்பளிக்கு லாயக்கான ஊரா? உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருக்கும், நூல் விரலில் ஒட்டும், அவள் வெடுக்கென்று இழுப்பாள். இரண்டு நிறம் வைத்துப் பின்னும்போது சும்மா இருக்கிற நூல் பின்பக்கமாகத் தளர்ந்து ஓட வேண்டும், இல்லாவிட்டால் பின்னல் விரிந்து கொடுக்காது. இவள் இழுத்த இழுப்பில் அது விறைத்துக்கொண்டது. முன்பக்கம் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை.

புரட்டாசியில் கீர்த்தி நாலு நாள் லீவில் வந்தாள். வந்த அன்று காலையிலேயே, பெட்டியைக்கூடத் திறக்கவிடாமல், அன்னக்கிளி ஸ்வெட்டரைக் கொடுத்தாள். கீர்த்தி அதை விரித்துப் பார்த்தாள். விரலால் கொம்புகளைத் தடவிக்கொண்டே போனாள். பழைய காளையின் கொம்பு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். பிடிக்கவில்லை என்று மகள் மடித்து வைத்துவிட்டால் அன்னக்கிளி இன்னொரு தடவை தாங்க மாட்டாளே என்றுதான் எனக்குப் பயம்.

மடித்து வைக்கவில்லை. தலைவழியாகப் போட்டாள். தோள்வரை இறங்கிய ஸ்வெட்டரின் கழுத்தில் தலை மாட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. முகம் முழுக்கக் கம்பளிக்குள் இருக்க, எங்கள் மகள் நடுக்கூடத்தில் நின்றாள்.

“அம்மா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஒரு நிமிசம் இரு. கழுத்து இறுக்கமாப் போச்சு.”

“அந்தச் சிவப்பு ஸ்வெட்டர் தொலையலம்மா. நாந்தேன் வேணாம்னு கழட்டி அப்பாட்டக் குடுத்துட்டேன்.”

நான் செய்தித்தாளை இறக்கினேன். அன்னக்கிளி என் பக்கம் திரும்பவில்லை. கழுத்து விளிம்புக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்டி. அந்த மூட்டைக்காரரு மக போட்டுக்கிட்டுப் போனத நானே பாத்தேன்” என்றாள். விளிம்பை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, “அவளுக்கு நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள்.

ஸ்வெட்டர் கைக்குள்ளேயே, விரல் நுனிகூட வெளியே தெரியாமல் இருந்த இரண்டு கைகள் அம்மா நின்ற பக்கமாகத் துழாவின. அசையாமல் நில் என்று அதட்டி, அன்னக்கிளி அந்தக் கைகளை எடுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். பிறகு கழுத்துக் கண்ணிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தளர்த்தத் தொடங்கினாள்.