ஏழுதலை மிருகத்துக்குப் பொருள்

பாட்டுக்குள் இருப்பவர்கள் எங்கள் தெருவில் வெளியே வந்துவிடுவார்கள். பொருள் சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்புவது என் வேலை. காதல் பாட்டென்றால் சிரமமில்லை. நிலா வரும், "நீ அவள் முகம்" என்பேன், போய்விடும். இங்கிலீஷ் ராக் பாட்டுதான் கழுத்தறுப்பு. அதிலும் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டாக ஓடுகிற வகை. எழுதியவன் பைபிளின் கடைசிப் புத்தகமான திருவெளிப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எக்காளம், முத்திரை, விழுகிற நட்சத்திரம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டிருப்பான்.

கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் கிளமென்ட் கொண்டுவந்த அப்படியொரு இசைத்தட்டை ஒரு மத்தியானம் போட்டேன். ஆர்கன் ஓய்ந்து டிரம்ஸ் தொடங்கும் இடத்தில், கடலிலிருந்து ஏழுதலை மிருகம் ஏறி வந்து எங்கள் கொல்லையில் நின்றது.

"அண்ணாச்சி, நான் யாரு? ராஜாவா, சண்டையா, அணுகுண்டா?" என்று நடுத்தலை கேட்டது.

"மொதல்ல சாப்பிடு," என்றாள் என் மனைவி டெக்லா.

வந்தவர் சாப்பிட்டு வாய் கொப்பளித்த பிறகுதான் பொருள் சொல்ல வேண்டும் என்பது எங்கள் தெரு வழக்கம். டெக்லா ஒரே ஒரு சோற்றுத் தட்டை எடுத்தாள். ஒவ்வொரு தலையாகப் பரிமாறினாள். ஏழாவது தலை வாய் கொப்பளிப்பதற்குள் முதல் தலைக்குப் பசித்துவிடும். பொருள் எனக்கு மறுநாளே பிடிபட்டுவிட்டது, ஆனால் சொல்ல வழியில்லை.

அவள் வேண்டுமென்றேதான் செய்தாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு எங்களுக்குள் "மோட்டார் போட்டாச்சா" என்பதைத் தாண்டிப் பேச்சு கிடையாது. மிருகம் வந்ததும் வீடு கலகலத்தது. ஒரு தலை என் குறட்டையை நடித்துக் காட்டும், டெக்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். உள்ளதைச் சொன்னால், அது போவதில் எனக்கும் விருப்பமில்லை. போனால் மறுபடி மோட்டார்தான்.

ஒருநாள் ஏழாவது தலை சோற்றைத் தொடவில்லை.

"எக்கா, எதுக்கு வந்தோம்னு தெரியாமலே நின்னுருவேனோ?"

டெக்லா உள்ளே போனாள். ஏழு தட்டுகளோடு வந்தாள். சோறும் சீலாமீன் குழம்பும் ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் போட்டாள். ஏழு வாயும் கொப்பளித்து முடித்தன.

"சொல்லுங்க," என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"எழுதினவன் பயந்தாங்கொள்ளி," என்றேன். "உலகம் அழியப்போகுதுன்னு சொன்னாத்தான் பக்கத்துல இருக்கவ கையப் பிடிக்க அவனுக்குத் தைரியம் வரும். அதுக்குத்தான் நீ. எக்காளமெல்லாம் உனக்குத் துணைக்கு வந்தது."

தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஆறு தலைகள் சரியென்று ஆடின.

"பிடிச்சானா?" என்றது ஏழாவது.

"பாட்டுல அது வரல."

"அப்ப நீங்க பிடிங்க. பாத்துட்டுப் போறேன்."

டெக்லாவின் இடது கையைப் பிடித்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், நானும்தான். ஏழாவது தலையும் ஆடியது. மிருகம் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டுக் கடலுக்குள் இறங்கிப் போனது.

அதன் பிறகு என் கை அவள் கையை விட்டு வரவில்லை. அவளும் இழுத்துப் பார்த்தாள். சோப்புத் தண்ணீர் ஊற்றினோம், தேங்காய் எண்ணெய் தடவினோம். "கெடக்கட்டும்," என்றாள் டெக்லா.

எனக்கு மிச்சம் இருந்தது இடது கை என்பதால் காலையில் இட்லியை அவளே பிட்டு ஊட்டினாள்.

"சட்னிக்கு உப்பு சரியா இருக்கா?"

"கொஞ்சம் போடலாம்," என்றேன். உப்பு எடுக்க இருவரும் எழுந்து போனோம்.