சித்தீக் மவுத்துச் செய்திக்கு வந்த பின்னூட்டங்கள்

முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். சித்தீக் மவுத்தான அன்றைக்கு மூஸாவுக்குத் தரவேண்டியிருந்த பாக்கி அவ்வளவு. விசாவுக்கென்று வாங்கியது நாற்பத்தைந்தாயிரம். விசா வரவில்லை. கையில் காசு புரண்டபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார், மிச்சத்துக்கு இன்ஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவருடைய மவுத்துச் செய்தியை எழுதிப் போட்டதும் மூஸாதான்.

ஊருக்கென்று ஒரு வலைப்பூ உண்டு. பேர் கடைமடை. காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டு, மிச்சமிருந்தால் கடைசியாக வந்து சேருகிற ஊர் என்பதால் துபாயில் இருக்கும் ஆசிம் அப்படிப் பேர் வைத்தான். காசு கொடுக்காமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம், வேண்டியபடி திருத்தியும் கொள்ளலாம் என்கிற வேர்ட்பிரஸ் மென்பொருளில் அவனே உட்கார்ந்து கட்டினது. வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்கள் காலையில் பல் தேய்க்குமுன் பார்ப்பது அதைத்தான். யார் வீட்டில் நிக்காஹ், யார் மவுத்து, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, கரண்டு என்றைக்கு நிறுத்துகிறார்கள், எல்லாம் அதில் வரும். ஊரில் இருந்துகொண்டு செய்தி போட ஓர் ஆள் தேவைப்பட்டது. படித்த பிள்ளைகள் எல்லாம் விமானம் ஏறிவிட்டார்கள். மூஸா மாட்டினார்.

அவர் பள்ளிக்கூடம் போனவரில்லை. ஜித்தாவில் கான்கிரீட் சுமந்த காலத்தில், பெண்டாட்டி கடிதத்தை அடுத்த கட்டில்காரன் வாய்விட்டுப் படிப்பதும் அறையே சேர்ந்து சிரிப்பதும் பொறுக்கமாட்டாமல், முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றார். இப்போது லியாகத் அலியின் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் சாக்கு அடுக்கின்மேல் உட்கார்ந்து போனைத் திறப்பார். உமித்தூசி அப்பிய விரலைப் போன் மதிக்காது. லுங்கியில் துடைத்துத் துடைத்து அழுத்த வேண்டும்.

எழுதுவது அவருக்கு மூட்டையைவிடக் கனம். அதனால் ஒரு சுருக்கு வழி வைத்திருந்தார். மவுத்துச் செய்தி என்றால் பழையது ஒன்றை அப்படியே நகல் எடுத்து, பேரையும் தெருவையும் அடக்க நேரத்தையும் மட்டும் மாற்றுவார். இந்தத் தடவை நகல் எடுத்தது போன மாதம் மவுத்தான ஒரு ஹாஜியாரின் செய்தி. அந்த ஹாஜியாரின் பிள்ளைகள் அத்தனை பேரும் வெளிநாட்டில் இருந்தார்கள். ஒருத்தராலும் அடக்கத்துக்கு வந்து நின்று பேச முடியவில்லை. அதனால் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார்கள்: 'மர்ஹூம் அவர்களுடன் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் இந்தச் செய்தியின் கீழே எழுதவும். வாரிசுகள் பொறுப்பேற்கிறோம்.'

வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்த அவசரத்தில் மூஸா அந்த வரியை எடுக்க மறந்துபோனார்.

ஹாஜியாரிடம் யாருக்கும் பாக்கியில்லை. அந்த வரிக்குக் கீழே மறுமைக்கு வேண்டிய துஆக்கள் மட்டும்தான் வந்தன. சித்தீக் கதை வேறு. டிராவல்ஸ் கடை வைத்து ஊரில் பாதிப் பேரை ஏற்றி அனுப்பியவர். கடைசி இரண்டு வருஷம் அவர் நம்பியிருந்த மும்பைக் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. வாங்கின பணம் அங்கே முடங்கிப்போயிற்று, மனுஷன் படுக்கையில் விழுந்தார்.

டீ குடிக்கும்போதுதான் மூஸா தன் பிசகைக் கண்டார். கண்டதும் அந்த வரியை எடுக்கத்தான் போனார். அதற்குள் கை வேறொரு காரியம் செய்தது. கடைமடைக்குள் எடிட்டராக நுழையாமல், ஊரான் மாதிரி வெளியில் நின்றுகொண்டு, தன் பேரைப் போட்டு, பாக்கித் தொகையை எழுதி அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகு அந்த வரியை எடுக்க மனசு வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், மஃரிபு தொழுகை வரைக்கும் பார்ப்போம் என்று நினைத்தார்.

மஃரிபுக்குள் பின்னூட்டங்கள் நாற்பதைத் தாண்டிவிட்டன.

கடைமடையில் யார் என்ன எழுதினாலும் உடனே வெளியில் தெரியாது. 'நிலுவையில்' என்று உள்ளே நிற்கும். மூஸா படித்து, 'ஏற்க' என்பதை அழுத்தினால்தான் ஊர் பார்க்கும். பிடிக்காததைக் குப்பையில் தள்ளலாம், விளம்பரக்காரர்களை ஸ்பேம் என்கிற எரிதத்தில் தள்ளலாம். துஆ எழுதியவர்களை மட்டும் அழுத்தி அனுப்பிவிட்டு மற்றதை அப்படியே வைத்தார். ஷார்ஜாவிலிருந்து ஒருத்தன் எண்பதாயிரம் என்று எழுதி, கூடவே அச்சில் ஏறாத வார்த்தை நாலு எழுதியிருந்தான். இன்னொருத்தன் நேராக அவரையே பிடித்தான்: 'மூஸா காக்கா, எழுதினது வெளிய வரல. தூங்குறீங்களா, இல்ல அந்த வீட்ல சம்பந்தம் பேசிட்டீங்களா?'

ஆசிமிடம் போனில் கேட்டார். வலைப்பூ தொடங்கி இத்தனை பேர் ஒரே நாளில் பார்த்ததே இல்லை என்று அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். அந்த வரியை இப்போது எடுத்தால் மூடி மறைத்தோம் என்பார்கள், படம் பிடித்து வைத்திருப்பார்கள், எடுக்காதீங்க என்றான். சரி, எல்லாவற்றையும் விட்டுவிடவா என்றால், அது ஊர் விஷயம், நீங்களே பார்த்துச் செய்யுங்க என்றான். அவன் இருப்பது துபாயில். தெருவில் நடந்து போகவேண்டியது மூஸா.

மறுநாள் காலையில் லியாகத் அலி மண்டி அறைக்குக் கூப்பிட்டார். மூஸாவுக்கு முதலாளி, பள்ளிவாசல் ஜமாஅத் கமிட்டியில் பெரிய கை, சித்தீக்கின் மனைவி ஆயிஷாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். மூன்றும் ஒரே ஆள். மையவாடியில் சித்தீக்கை அடக்கம் செய்த கையோடு, பாக்கி இருந்தால் என்னிடம் வந்து பேசுங்கள் என்று சொன்னவரும் அவர்தான். ஒருத்தரும் போகவில்லை. ஊரில் பாதிப் பேர் அவருக்குக் கடன்பட்டவர்கள், எந்த முகத்தோடு போய்க் கேட்பார்கள்?

அவர் கோபப்படவில்லை. டீ வரவழைத்தார். தங்கச்சி மகள் அஃப்ரீனுக்குத் தரங்கம்பாடியில் சம்பந்தம் பேசி முடிகிற நேரம் என்றார். மாப்பிள்ளை வீட்டார் கடைமடையைப் படிக்கிறவர்கள் என்றார். கடன் விவகாரத்தை ஜமாஅத்துக்குள் வைத்துப் பேசிக்கொள்ளலாம், உலகம் பார்க்க எதற்கு என்றார். நியாயமாகத்தான் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மூஸா, சித்தீக்கிட்ட நீ குடுத்த பணம் எங்கேருந்து வந்துச்சு? நம்ம மண்டில வாங்கின முன்பணம்தானே. அதுக்குத்தானே இன்னும் தோளைக் குடுத்துக்கிட்டுக் கிடக்கே. நாளை அசர் தொழுகைக்குள்ள அம்புட்டையும் குப்பையில தள்ளு. மச்சான் கடனை நான் தீர்த்ததா இருக்கட்டும். உன் முன்பணத்தைக் கணக்குலேருந்து அடிச்சிடுறேன். அப்புறம் நீ இங்க வரணும்னு இல்ல."

இங்கே வரணும்னு இல்ல. மூஸா அன்று முழுக்க மூட்டை தூக்கினார். ஒவ்வொரு மூட்டைக்கும் அந்தச் சொல் கூடவே ஏறி இறங்கியது. மஞ்சள் வெயிலில் நெல் காய்ந்து மணந்தது. சம்பா அறுவடை, வண்டிகள் ஓயவில்லை. தோளில் சாக்கு உரசிக் காய்த்த இடம் எரிந்தது. ஒரு விரல் அழுத்தம், அவ்வளவுதான். இத்தனை வருஷச் சுமை இறங்கிவிடும். யார் கேட்கப் போகிறார்கள்? மென்பொருளா கேட்கும்?

பொழுது சாய, குப்பையில் தள்ளுவதற்காகவே போனைத் திறந்தார். தள்ளுமுன் ஒரு தடவை படித்துவிடலாம் என்று வரிசையாகப் படித்தார். அதுதான் அவர் கெட்ட வழக்கம். கஷ்டப்பட்டுப் படித்தவனுக்கு எதையும் படிக்காமல் விட மனம் வராது. கீழே புதிதாக ஒன்று வந்திருந்தது.

'என் பேரு காத்தான். கோடியக்கரை உப்பளத்துல வேல. மவன் விசாவுக்குப் பாயிகிட்ட பன்னண்டாயிரம் குடுத்தன். பாயி நல்ல மனுசன் ஏமாத்தல. இருந்தா குடுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லிப்புடுங்க, பாத்துக்கிட்டு இருக்கோம்.'

மூஸா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜமாஅத்துக்குள் பேசிக்கொள்ளலாம் என்றார் முதலாளி. காத்தானுக்கு எந்த ஜமாஅத்? அவனுக்கு இந்தப் பின்னூட்டப் பெட்டி ஒன்றுதான் வாசல். அதையும் சாத்தினால், அவன் உப்புக் காட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஏற்றால் அஃப்ரீன் சம்பந்தம் போகும், மண்டியில் இருக்கிற மரியாதையும் போகும், முன்பணம் மட்டும் நிற்கும். அதோடு ஊர் கேட்கும்: மூஸா ஏன் எல்லாவற்றையும் வெளியில் விட்டான்? அவன் பாக்கியும் அதில் இருக்கிறதே, அதற்காகத்தான். கேட்டால் என்ன பதில் சொல்வார்? பொய்யும் இல்லையே.

அந்த வரியைத் திரும்பப் படித்தார். வாரிசுகள் பொறுப்பேற்கிறோம். சித்தீக்கின் வாரிசு யார்? லியாகத் அலியா?

மறுநாள் லுஹர் தொழுகை முடிந்து மண்டிக்குப் போகாமல் ஆயிஷா வீட்டுக்குப் போனார். ஆயிஷா இத்தா என்கிற துக்கத் தனிமையில் இருந்தார், வெளி ஆண் முன்னால் வரமாட்டார். அஃப்ரீன் வாசலில் நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போனாள். கதவு பாதி சாத்தியிருந்தது, திரைக்கு அந்தப் பக்கம் வளையல் இல்லாத கையின் நிழல் தெரிந்தது. மூஸா சலாம் சொல்லி, தான் செய்த பிசகைச் சொன்னார். பழைய செய்தியை நகல் எடுத்தது, வரியை எடுக்க மறந்தது, வந்து குவிந்தது எல்லாம்.

 ஆயிஷா உள்ளிருந்து பேசினார்.

"அண்ணன் கடனே இல்லன்னாங்க, காக்கா. மச்சான் எல்லாத்தையும் அடைச்சிட்டுத்தான் போனார்னாங்க. என் போனை வாங்கி வச்சிருக்காங்க, துக்கம் கேக்குறவங்க தொந்தரவுன்னு. எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

"நான் மெதுவாத்தான் படிப்பேன், தங்கச்சி."

"நான் எங்க போகப்போறேன்? நாலு மாசம் பத்து நாளு இதுக்குள்ளதான்."

மூஸா விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். ஷார்ஜாக்காரன் தொகையைப் படித்து வார்த்தைகளை விழுங்கினார். அந்தத் திக்கலிலேயே ஆயிஷாவுக்குப் புரிந்தது, திட்டியிருக்கிறானா என்று கேட்டு, கொடுத்தவன் திட்டட்டும் என்றார். இன்னொரு பேரைக் கேட்டதும், அந்தப் பிள்ளை நம் வீட்டு நடுக்கூடத்தில் சோறு தின்றவனாச்சே என்றார். படிக்கிற ஓட்டத்தில் மூஸா நிறுத்தாமல், "உடனடிக் கடன், பத்திரம் தேவையில்லை, அரைமணி நேரத்தில் உங்கள் கையில்" என்றும் படித்துவிட்டார். எரிதத்தில் தள்ளவேண்டிய விளம்பரம். திரைக்குப் பின்னால் அஃப்ரீன் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் மூன்று நாளாகக் கேட்காத சத்தம். உம்மா அதட்டவில்லை.

காத்தான் எழுதியதைப் படித்தபோது ஆயிஷா இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

முடிந்தது. லியாகத் அலி எதைச் செய்யச் சொன்னார் என்பதையும் மூஸா சொன்னார். தனக்கு என்ன தருவதாகச் சொன்னார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அழிச்சிட்டா அண்ணன் சொல்ற கணக்குத்தான் எனக்குக் கணக்கு" என்றார் ஆயிஷா. "வீடு அஃப்ரீனுக்குன்னு எங்க வாப்பா எழுதினது, அதைத் தொட முடியாது. டிராவல்ஸ் கடைக்குக் கட்டிடக்காரர்கிட்ட அட்வான்ஸ் கிடக்கு. அது எல்லாருக்கும் பத்தாது. அந்த உப்பளத்துக்காரருக்கு முதல்ல. மத்தவங்களுக்கு மெதுவா. தாறேன்னு எழுதுங்க. எல்லாத்தையும் வெளிய விடுங்க, காக்கா."

"சம்பந்தம்?"

"இப்பப் படிக்கட்டும். நிக்காஹ் முடிஞ்சு படிச்சா எம் மவ தலையிலதான் விடியும்."

மூஸா வாசல் நாற்காலியிலேயே ஒவ்வொன்றாக ஏற்கத் தொடங்கினார். ஷார்ஜாக்காரனின் நாலு வார்த்தைகளை மட்டும் வெட்டினார், காத்தானுக்குக் கீழே ஆயிஷா சொன்னபடி 'தாறேன்' என்று எழுதினார். அழுத்த அழுத்த வரிசை குறைந்தது. உள்ளே ஒன்று மட்டும் மிச்சம் நின்றது, முதலில் வந்தது. படிக்கும்போது அவர் தாண்டிப்போனது.

"உங்களுக்கும் தரணும்னு அவங்க படுக்கையில சொன்னாங்க" என்றார் ஆயிஷா திடீரென்று. "உங்களது அதுல இல்லையா?"

இருக்கிறது என்று சொன்னால் வெட்கத்துக்காகவே தனக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். கடை அட்வான்ஸ் அதோடு சரி. காத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். இல்லை என்று சொன்னால் பொய்.  பெரிய மனசு எதுவும் அவருக்குள் பொங்கவில்லை. தோள்தான் எரிந்தது.

"இருந்துச்சு, தங்கச்சி. பொருந்திக்கிட்டேன்."

 இப்படிச் சொல்லிவிட்டால் மவுத்தானவருக்கு அந்தக் கடன் இல்லை, அல்லாஹ்விடமும் கேட்க முடியாது. அது இருவருக்கும் தெரியும்.

அசர் பாங்கு சொல்ல இன்னும் நேரமிருந்தது. மண்டியில் ஆள் குறைகிறது என்று இந்நேரம் தேடியிருப்பார்கள். இனி அங்கே என்ன மரியாதை கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். முன்பணம் அப்படியே நிற்கும், போய்த்தான் ஆகவேண்டும். மூஸா தன் பேரில் நின்றதைக் குப்பையில் தள்ளினார். குப்பையில் தள்ளினது ஒரு மாதம் வரை அங்கேயே கிடக்கும், மனசு மாறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மனசு மாறும், அவருக்குத் தன்னைத் தெரியும். குப்பையைத் திறந்து, நிரந்தரமாக அழி என்று இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு அழுத்தினார்.