லோடு இல்லாத சாம்பிள்

லோடு இல்லாமல் சாம்பிள் எப்படிப் பிறக்கும், பிறக்கவே கூடாது என்றுதானே ரிஃப்கா இந்த அரிசி ஆலைக்கு நிரலையே எழுதினாள்... நிரலில் கிளாஸ் என்றால் ஒரு வார்ப்பு, லோடு வெளி கிளாஸ், சாம்பிள் அதற்குள் இருக்கும் கிளாஸ், முதலில் வண்டி வந்து ஒரு லோடு உருவாக வேண்டும், அந்த லோடிலிருந்துதான் சாம்பிளை உருவாக்கி நெல்லின் ஈரத்தை எழுத முடியும். ஆனால் நேற்று ஒன்பது விவசாயிகள் பெயரில் ஒன்பது சாம்பிள்கள், ஒன்பதிலும் ஈரம் இருபத்தொரு சதவீதம், ஆலை வாங்காத அளவு, எதற்கும் லோடு இல்லை. வராத நெல்லுக்கு யார் ஈரம் பார்த்தது? திரையில் தன் பெயருக்கு நேரே அந்த ஈரம் இருந்ததால் விவசாயி ரெத்தினத்தின் டிராக்டரை வாசலிலேயே திருப்பிவிட்டார்கள், காய்ந்த நெல் திரும்பிப் போகிற வழியில் மழையில் நனைந்து... காலையில் வந்து அவர் போட்ட சத்தத்தில் ஆலையே நின்றது. பதினொரு மணிக்குள் செய்தவன் பேர் வேண்டும், இன்றோடு அவனுக்கு இங்கே வேலை இல்லை என்று முதலாளி ஜெக்கரியா ஹாஜியார் சொல்லிவிட்டார்.

சாம்பிள் கிளாஸுக்கு முன்னால் ஸ்டேடிக் என்று ஒரு சொல். அவள் போடவில்லை. அது இருந்தால் லோடின் தயவே வேண்டாம், சாம்பிள் தனியாகவே உருவாகிவிடும்... திருத்தியவன் பெயர், அவளோடு நிரல் எழுதும் ஜாஹித். எதிர் மேசையில் டீயில் மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருக்கிறான், எப்படி இறங்குகிறது இவனுக்கு? நேற்று மாடிப்படியில் நின்று அத்தனை நேரம் போனில் யாரிடம் பேசினான், அவளைக் கண்டதும் ஏன் குரலைத் தாழ்த்தினான்?

"என்ன லாத்தா, காலையிலேர்ந்து மொறைக்கிறீங்க? உங்க சட்டிக் கறியையா களவாண்டுட்டேன்?"

"ஸ்டேடிக் நீதானே போட்டே?"

"ஆமா. டெஸ்ட் பண்ண ஒவ்வொரு தடவையும் லோடு உருவாக்கணுமான்னு நீங்கதானே சலிச்சுக்கிட்டீங்க? பாத்துட்டு சரின்னும் அழுத்துனீங்களே!"

அழுத்தினாளா... வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவன் எதையோ காட்டினான், அவள் படிக்காமலே... அப்படியென்றால் கதவைத் திறந்ததில் அவள் கையும் உண்டு. ஆனால் திறந்தது வேறு, ஒன்பது தடவை உள்ளே போனது வேறு. திறந்திருப்பது யாருக்குத் தெரியும், இவனுக்கு, பிறகு... திங்கட்கிழமை இவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, லோடே இல்லாம வருதா, எங்கே இன்னொரு தடவை போடு பார்ப்போம் என்று கேட்ட குரல் யாருடையது? கிடங்கில் இடமில்லை, நெல் கொண்டுவரத் தேதி கொடுத்துவிட்ட ஒன்பது பேருக்கு என்ன பதில் சொல்வது என்று அன்று மத்தியானம் முழுக்கப் புலம்பியது யார்? ச்சீ, ஐந்து வேளை தொழுகிற முதலாளியா... ஆனாலும் ஒன்பது.

படியில் செருப்புச் சத்தம். ஜாஹித் வர்க்கியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"என்னம்மா, பேரு கெடச்சுதா?" என்றார் ஹாஜியார். அவள் ஜாஹிதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் கோபமே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.